பானையோட்டில் ஒரு பெயர்

ஜூலைத் திங்கள் முதல் நாளை மைய அரசின் எழுத்தர் எவரும் மறப்பதில்லை. ஆண்டு ஊதிய உயர்வு அன்றே கணக்கில் ஏறும். முன்பு அவரவர் பணியேற்ற திங்களையொட்டி வந்த அவ்வுயர்வை, 2006 ஆம் ஆண்டு முதல் அனைவர்க்கும் ஜூலை முதல் நாளுக்கு மாற்றினர். 2016 முதல் ஜனவரி முதல் நாளையும் அதனோடு சேர்த்தனர். எம் அலுவலகத்தில் தெலுங்கர், தமிழர், கன்னடர், உருது பேசுவோர் என நால்வகையினரும் உளர். நால்வகையினரும் ஒருமித்துப் போற்றும் திருநாள் அஃதொன்றே. எனினும் அத்திங்கள் தன் பெயரை ஜூலியஸ் சீசரிடமிருந்து பெற்றது என்று யாம் ஒருமுறை கூறியபோது, நண்பர் ஒருவர் தலையை நிமிர்த்தாமலேயே, "அவருக்கும் அகவிலைப்படி உண்டா?" என்று வினவினார்.

சீசர் குத்துண்டு இறந்த கி.மு. 44 ஆம் ஆண்டிலேயே, அதுவரை 'ஐந்தாம் திங்கள்' என்று மட்டும் வழங்கிய ஒரு திங்களுக்கு அவர் பெயரை இட்டனர். அவர்க்குப்பின் ஆட்சியைக் கைக்கொண்ட அகஸ்டஸ் பெயரை அடுத்த திங்கள் கி.மு. 8 இல் பெற்றது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்பனவற்றுக்கு முறையே ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது என்று இலத்தீனில் பொருள். அவையோ இன்று ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை நிற்கின்றன. மேலட்டையின் தலைப்பு ஒன்றாகவும் உள்ளிருக்கும் தாள்கள் வேறாகவும் உள்ள கோப்புகளோடு காலமெல்லாம் உறவாடும் எமக்கு இதில் வியப்பில்லை.

மைல் என்று சொல்கிறோம். ஆயிரம் இரட்டைக் காலடி என்னும் பொருள்பட்ட இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. கிலோமீட்டர்க் கற்கள் நடப்பட்டு இரண்டு தலைமுறை ஆன பின்னும், பலமனேர்ச் சந்தைக்கு வரும் முதியோர் தம் ஊர் இத்தனை மைல் என்றே கூறுவர். ஊதியத்திற்கு ஆங்கிலர் வழங்கும் சொல் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது என்பர். நம்மவரும் சம்பாவும் அளமும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்பர். அளம் என்றாலும் உப்பே. சொல்லாராய்ச்சியில் வல்லார் இவ்விரண்டு விளக்கங்களையும் சற்றே ஐயத்தோடு நோக்குவர். ஆயினும் திங்களிறுதியில் எஞ்சுவது உப்புக்குத்தான் போதும் என்பதை அறிந்தவர்க்கு இரண்டும் மெய்யாகவே தோன்றும்.

உரோமரைப் பற்றி யாம் முதன்முதல் கற்றது இளங்கலை வகுப்பில். வரலாறு எம் பாடம். உரோமர் அப்பாடத்தில் தொலைநாட்டு மாந்தராகவே நின்றனர். ஏழு குன்றுகள், மூன்று போர்கள், பத்துப் பன்னிரண்டு பேரரசர் பெயர்கள் என்று தேர்வுக்கு மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் விடுத்தோம். சங்க இலக்கியத்தில் வரும் யவனரோ தமிழ்ப் பாடத்தைச் சேர்ந்தவர். இருசாராரும் ஒரே கப்பலில் வந்தவர் என்பதை எம் ஆசிரியர் எவரும் எடுத்துரைத்ததாக நினைவில்லை. யவனர் என்னும் சொல் தொடக்கத்தில் கிரேக்கரைச் சுட்டியது. உரோமப் பேரரசின் குடிகளாய் எகிப்திலிருந்து கலம் செலுத்தி வந்த கிரேக்கர், எகிப்தியர், சிரியர், இத்தாலியர் அனைவரையும் நம் புலவர் அவ்வொரு சொல்லாலேயே வழங்கினர்.

பலமனேரில் வாழும் தமிழர், பெரும்பாலும் இரண்டு வகையினர். இவ்வூர் வடஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே வேரூன்றியவர் ஒருவகை. சித்தூர் மாவட்டம் 1911 இல் பிரிந்தது. ஆந்திர மாநிலம் 1953 இல் அமைந்தது. அக்குடும்பங்கள் இருந்த வீட்டிலேயே இருந்தன, முகவரி மட்டும் மாறிற்று. பணிமாற்றத்தாலும் வணிகத்தாலும் பின்னர் மலையேறி வந்த எம்மனோர் மற்றொரு வகை. சித்தூரிலிருந்து மொகிலிக் கணவாய் ஏறி, இவ்வூரைக் கடந்து, முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூருக்குச் செல்கிறது நெடுஞ்சாலை. இங்கிருந்து கௌண்டின்ய ஆறு இறங்கிக் குடியாத்தம் செல்கிறது. சாலை கன்னட நாட்டுக்கும் ஆறு தமிழ் நாட்டுக்கும் போக, நடுவே தெலுங்கு பேசிக்கொண்டு நாம் இருக்கிறோம்.

இவ்வூர்ச் சாலையில் உரோமர் நடந்து சென்றனர் என்று யாம் கதை கட்டப் போவதில்லை. ஆனால் இச்சாலையின் இரு திசையிலும் அவர்தம் காசு கிடைத்திருக்கிறது. மேற்கே, பெங்களூரை அடுத்த யஷ்வந்தபுரத்தில் 1891 இல் மண்ணிலிருந்து 163 வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. அகஸ்டஸ், திபேரியஸ், கிளாடியஸ் காலத்தவை. வடகிழக்கே நெல்லூரில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1786 இல் உழவர் ஒருவரின் ஏர் ஒரு செங்கற்கட்டில் முட்டி நின்றது. தோண்டிப் பார்த்தார். இடிந்த சிறு கோயிலொன்றின் எச்சம், அதனடியில் ஒரு சிறு பானை, பானைக்குள் பொற்காசுகள். பழம்பொன் விலைக்கு அவற்றை விற்றார் அவர். வாங்கியவர் உருக்கினர். உருகியவை போக முப்பது அளவில் தப்பின. திராஜன், ஹாட்ரியன் என்னும் பேரரசர்களும் ஃபாஸ்டினா என்னும் பேரரசியும் அவற்றில் காட்சி தந்தனர். சென்னையில் ஆளுநர் பொறுப்பு வகித்த அலெக்சாந்தர் டேவிட்சன் அதனைக் கடிதமாக எழுதி அறிஞர்க்குத் தெரிவித்தமையால் இவ்வளவேனும் நாம் அறிகிறோம். உருகிய காசுகள் எத்தனை கழுத்தில் தாலியாகவும் எத்தனை செவியில் கம்மலாகவும் ஆயினவோ! உரோமர் நம்மிடையே விட்டுச் சென்ற பொன் நெல்லூர் வட்டாரப் பெண்டிர் கழுத்தில் இன்றும் ஒரு துளி இருக்கலாம்.

இதில் ஒரு முரண் உண்டு. பலமனேருக்கு மேற்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ளது கோலார் தங்கவயல். 2001 இல் மூடப்படும் வரை நம் வடஆர்க்காட்டு உழைப்பாளர் தலைமுறை தலைமுறையாக அங்கே பூமியைக் குடைந்து பொன் எடுத்துக் கொடுத்தனர். அப்பொன் பெரும்பாலும் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்ற காலம் நெடிது. அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பொன் எதிர்த்திசையில் வந்தது. வந்தது எதற்காக என்பதைப் புலவர் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றில் ஒரு வணிகப் பதிவேடு போலவே சொல்லிவிடுகிறார். சேரர்தம் முசிறித் துறைக்கு யவனரின் அழகிய மரக்கலங்கள் பொன் கொண்டு வரும்; மீளும்போது மிளகு ஏற்றிச் செல்லும். வரவு ஒன்று, செலவு ஒன்று, கணக்கு நேர். காதலைப் பாட வந்த இடத்தில் புலவர்க்கு இது நினைவுக்கு வந்ததெனில், அக்காட்சி அந்நாளில் எத்துணைப் பழக்கப்பட்டதாக இருந்திருத்தல் வேண்டும்!

உரோமர் பக்கத்துக் கணக்கும் உண்டு. கி.பி. 77 அளவில் தம் பெருநூலை முடித்த பிளினி மிளகின்மீது சினம் கொண்டவர். கண்ணுக்கு இனிமையுமில்லை, கனிக்குரிய சுவையுமில்லை, காரம் ஒன்றுக்காகவா இந்தியா வரை செல்கிறீர்கள் என்பது அவர் ஏச்சின் சாரம். ஏசினாலும் விலையைக் குறிக்கத் தவறவில்லை. கருமிளகு ஓர் இராத்தல் நான்கு தெனாரியம், வெண்மிளகு ஏழு, திப்பிலி பதினைந்து. எழுத்தர் கை சும்மா இருக்குமா? யாம் கூட்டிப் பார்த்தோம். அந்நாளில் உரோமப் படைவீரர் ஒருவரின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியம். ஓர் இராத்தல் மிளகு வாங்க ஏறத்தாழ ஆறரை நாள் ஊதியம் தரவேண்டும். அவர்தம் இராத்தல் நம் கணக்கில் 330 கிராமுக்கும் சற்றுக் குறைவு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை அப்படைவீரர் திறந்து பார்த்தால் நம்மைச் சிற்றரசர் என்றே எண்ணுவார்.

ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று அதே பிளினி புலம்பியதை நம் மேடைப் பேச்சாளர் விட்டதில்லை. உரோமப் பேரரசையே நாம் மிளகைக் காட்டி ஓட்டாண்டியாக்கினோம் என்று ஒருவர் முழங்கக் கேட்டுக் கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. எமக்கு அது உடன்பாடில்லை. எகிப்தின் துறைகளில் இறங்கும் கீழ்நாட்டுச் சரக்கில் நான்கில் ஒரு பங்கை உரோம அரசு சுங்கமாகக் கொண்டது. அரசு வருவாய்க்கு வழியாக இருந்த வணிகத்தை எந்த அரசும் கேடு என்று எண்ணியிராது. கி.பி. 408 இல் அலாரிக் என்னும் கோத்தியர் தலைவன் உரோம் நகரை முற்றுகையிட்டு விலகக் கேட்ட பணயத்தில் 5,000 இராத்தல் பொன்னோடும் 30,000 இராத்தல் வெள்ளியோடும் 3,000 இராத்தல் மிளகும் இருந்தது மெய்யே. அது மிளகின் மதிப்பைக் காட்டும். உரோம் வீழ்ந்த காரணத்தைக் காட்டாது.

இவ்வணிகம் எப்படி நடந்தது என்பதைப் பிளினியினும் தெளிவாகச் சொல்லும் ஏடு ஒன்று வியன்னா நகரில், ஆஸ்திரிய நாட்டுத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1985 இல் வெளியிடப்பட்ட அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த ஒரு பாப்பிரசுத் துண்டு. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். மறுபக்கம் சரக்கு மதிப்பீடு. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட அதில் முசிறியின் பெயர் வருகிறது. கடன் வாங்கியவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் கிழிந்த பகுதியோடு போய்விட்டன. கப்பலின் பெயர் நின்றுவிட்டது: ஹெர்மபொல்லோன்.

வேறு எந்தப் பழஞ்சான்றும் எம் உள்ளத்தை இத்துணைக் கவர்ந்ததில்லை. காரணம் வெளிப்படை. இது ஓர் எழுத்தர் எழுதியது! செங்கடல் துறையில் இறங்கிய சரக்கை நம்பகமான ஒட்டக ஓட்டியிடம் ஒப்படைக்க வேண்டும். பாலைவழியில் காவல் வேண்டும். நைல் கரையில் கொப்தோசு நகரத்து அரசுப் பண்டகசாலையில் கடன் கொடுத்தவரின் முத்திரையோடு வைக்க வேண்டும். அங்கிருந்து ஆற்றுவழி அலெக்சாந்திரியா சென்றதும் மறுபடியும் பண்டகசாலை, மறுபடியும் முத்திரை, நான்கில் ஒரு பங்கு சுங்கம். மறுபக்கத்தில் கங்கைக்கரை நறுமணத் தைலப்புல் 60 பெட்டி, யானைத் தந்தம் இவ்வளவு எடை, தந்தத் துண்டு இவ்வளவு எடை, எடைக்கு இவ்வளவு விலை, கழிவு இவ்வளவு என்று வரிசை வரிசையாகக் கணக்கு. மொத்த மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ். அக்காலத்துப் படைவீரர் ஐயாயிரவர்க்கு மேற்பட்டோரின் ஓராண்டு ஊதியம் ஒரு கப்பலில்! பேரரசர்கள் பெயரை மனனம் செய்த நாளில் உரோமரை யாம் அறிந்திலோம். முத்திரையையும் கழிவையும் படித்த நாளிலேயே அவர்கள் எமக்கு அறிமுகமாயினர். தொலைவில் ஒரு சாளரத்தின் அருகே, நடுவிரலில் மைக்கறையோடு, மேலதிகாரி வருமுன் கூட்டலைச் சரிபார்க்கும் ஒருவரை எம் கண் கண்டது.

கப்பல்கள் எகிப்தைவிட்டுப் புறப்படும் பருவமும் ஜூலையே. தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு செங்கடல் வாயிலிலிருந்து நாற்பது நாளில் முசிறியை அடையலாம் என்பர் பிளினி. டிசம்பரில், தவறினால் ஜனவரி நடுவிற்குள், வடகிழக்குக் காற்றில் திரும்பிவிட வேண்டும். தவறவிட்டவர் அடுத்த காற்று வரும் வரையில் இங்கேயே தங்கினர். புகாரில் யவனர்க்கெனக் குடியிருப்பு இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். மணிமேகலை யவனத் தச்சரைக் குறிக்கும். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறைக்குக் காவல் நிற்பவர் யவனரே. நெடுநல்வாடையில் அரசியின் பள்ளியறையில் எரியும் பாவை விளக்கு யவனர் கைவேலை. அதே நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்துமிடத்து யவனர் கொணர்ந்த மணங்கமழ் மதுவைப் பொற்கலத்தில் பருகி வாழ்க என்கிறார். புலவர் பெருமக்கள் ஒரு பொருளை வாழ்த்தில் வைத்துவிட்டால் அது நாட்டுக்குள் வந்து ஊன்றிவிட்டது என்று கொள்ளலாம்.

மதுவை ஏற்றிவந்த சாடிகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள அம்மேட்டைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1930களில் கவனித்து எழுதினார். 1944 இல் தொல்பொருள் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறந்தபோது, மத்தியதரைக் கடற்கரையில் மட்டுமே தாம் கண்டு பழகிய மதுச்சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அங்கே கிடந்தன. மறு ஆண்டே அகழ்ந்தார். இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் செம்மட்கலங்கள் வெளிப்பட்டன. சிலவற்றில் அவற்றைச் செய்த குயவரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருந்தது. வீலர் அவ்வூரை உரோமரின் வணிகக் குடியேற்றமாகவே கண்டார். 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லியின் குழு, உரோமர் வருமுன்னரே அங்கு ஊரும் தொழிலும் இருந்தன எனக் காட்டிற்று. மணி கோத்தும் நெய்தும் வாழ்ந்த ஊருக்கு விருந்தினராகவே யவனர் வந்தனர். சேர நாட்டுக் கரையில் பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் சாடித்துண்டுகளும் மிளகும் மரத்தைக் குடைந்து செய்த தோணியின் எச்சமும் கிடைத்தபின், முசிறி இதுவே என்று கருதுவோர் பலராயினர்.

புதுக்கோட்டைச் சீமையில் 1898 இல் கிடைத்த புதையல் ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை. 501 உரோமப் பொற்காசுகள். அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. பகைமையால் வெட்டினர் என்றும், உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்தனர் என்றும், மீண்டும் காசாக வழங்காதபடி செய்தனர் என்றும் அறிஞர் பலவாறு உரைப்பர். எமக்கு மூன்றாவதே பொருத்தமாகப் படுகிறது. அஞ்சல் தலையின்மீது கறுப்பு முத்திரை குத்துவதில் அத்தலையிலுள்ள தலைவர்மீது பகை ஏதும் இல்லை. அரசர் முகத்துக்கு இந்நாட்டில் செலாவணி இல்லை, எடைக்கே செலாவணி என்று ஒருவர் எங்கோ முடிவு செய்து, ஐந்நூறு காசையும் வரிசையாக அடுக்கி, உளி எடுத்திருக்கிறார். வெட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரே போக்கில் விழுந்திருக்கிறது. அலுவலக வேலை பார்த்துக் கைப்பழகியவர் அவர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இவ்வளவும் அவர்கள் நம்மிடம் வந்த கதை. நம்மவர் அவர்களிடம் சென்ற கதை சிறிது. அதுவே எம்மைப் பற்றிக்கொண்டது. பாண்டியன் அனுப்பிய தூதரை அகஸ்டஸ் அவையில் ஸ்ட்ராபோ குறிக்கிறார். இந்திய அரசரின் தூதர் தம்மை நாடி வந்தனர் என்று அகஸ்டஸும் தம் கல்வெட்டில் பெருமை கொள்கிறார். தூதர் சென்றதில் என்ன வியப்பு? அரசர் அனுப்பினால் அனைவரும் செல்வர். எவர் பெயரையும் எந்த அரசனும் எழுதி வைக்காத எளிய மக்கள் சென்றனர். செங்கடற் கரையில் குசைர் அல் காதிம் என்னும் இடத்தில் 1978 முதல் 1982 வரை அமெரிக்கர் அகழ்ந்தபோது கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருந்தன. பெரெனிகே துறையில் 1995 இல் கிடைத்த ஓட்டில் கொற்றன் பெயர். அதே பெரெனிகேயில், செராப்பிசு கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த தாழியொன்று புதைந்திருந்தது. அதற்குள் ஏழரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கருமிளகு. அன்றைய விலைக்குப் படைவீரர் ஒருவரின் ஐந்து மாத ஊதியம். அதை ஏன் எவரும் எடுத்துச் செல்லவில்லை என்று பலநாள் எண்ணியிருக்கிறோம்.

சாதன் அங்கு எத்தனை நாள் இருந்தான்? காற்றுக்காகக் காத்திருந்தானா, கடை வைத்திருந்தானா? அங்கேயே ஒருத்தியை மணந்தானா? மணந்திருந்தால் அவன் மக்கள் எம்மொழி பேசினர்? புகாரில் தங்கிய யவனரின் மக்களும் பேரமக்களும் எம்மொழி பேசினர்? புகாரில் யவனர் தெரு இருந்தது. யவன மொழி தமிழ்நாட்டில் எங்கும் நின்றிலது. எகிப்தில் சாதனின் தமிழும் நின்றிலது. ஓடு மட்டுமே நின்றது. இவ்வினாக்கள் வரலாற்றுப் பேராசிரியர்க்குச் சிறியனவாகத் தோன்றலாம். பலமனேரில் வாழும் நமக்கு அவை அத்துணைச் சிறியன அல்ல.

எம் மகள் மேல்நிலை வகுப்பில் பயில்கிறாள். அவள் பயிலும் பள்ளியில் தமிழ்ப் பிரிவு இல்லை; வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதுவது தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். அண்மையில் ஒருநாள் இரவு, குசைரில் பிரித்தானியக் குழுவினர் கண்டெடுத்த வேறொரு பானையோட்டின் படத்தை நூலொன்றில் யாம் நோக்கிக்கொண்டிருந்தோம். அதில் ஒரே தொடர் இருமுறை கீறப்பட்டிருக்கிறது. பானை ஒறி என்று அதனைப் படித்தவர் ஐராவதம் மகாதேவன். 2007 இல் அச்செய்தி வெளியாயிற்று. மகள் அருகில் வந்து, ஒறி என்றால் என்ன என்று கேட்டாள். எம் அன்னையார் குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். அடுக்களையிலிருந்தே விடை வந்தது.

"உறிம்மா. பூனை தொடாம மோர்ச்சட்டிய மேல மாட்டித் தொங்க விடுவோமே, கயித்துல பின்னி."

"உட்டியா பாட்டி?"

"அதுதாண்டி. நீ உட்டின்றே, நா உறின்றேன்."

திருமலையில் கோகுலாட்டமிக்கு அடுத்த நாள் உட்லோற்சவம் நடப்பதை அவள் பலமுறை கண்டவள். கயிற்றில் தொங்கும் பானையை இளைஞர் எம்பி எம்பி அடிக்கும் அவ்விழாவை நம்மவர் உறியடி என்போம். தமிழில் றகரம் வரும் இடத்தில் தெலுங்கில் டகரம் வருவது மொழிநூலார் நன்கறிந்த மாற்றம். உறியும் உட்டியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். எகிப்தின் மணலில் ஈராயிரம் ஆண்டு கிடந்த தமிழ்ச் சொல்லைத் தெலுங்கின் துணைகொண்டு அவள் அறிந்தாள். படத்தை வாங்கிச் சென்று நெடுநேரம் வைத்திருந்தாள். மறுநாள் அவள் கணக்குக் குறிப்பேட்டின் பின்னட்டையில் அவ்வெழுத்துகளைக் கண்டோம். பார்த்து வரைந்திருந்தாள். னகரத்தின் கொம்பு சற்றே சாய்ந்திருந்தது. குசைரில் கீறியவர் கையும் அத்துணை நேராக இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறிக்க நம் அலுவலகங்கள் யாவும் வழங்கும் சென்சஸ் என்னும் சொல்லும் உரோமர் தந்ததே. குடிகளை எண்ணுவதற்கென்றே அவர்கள் அதிகாரிகளை வைத்திருந்தனர். கி.மு. 28 இல் எண்ணியபோது உரோமக் குடிமக்கள் 40,63,000 பேர் என்று அகஸ்டஸ் கல்லில் பொறிக்கச் செய்தார். அவர்கள் கேட்டது பெயர், வயது, குடும்பம், உடைமை. தாய்மொழியைக் கேட்டாரில்லை, வரி விதிக்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அது வேண்டியதில்லை. நம் நாட்டில் கேட்கின்றனர். 2011 இல் கணக்கெடுப்பாளர் எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தெலுங்கில் கேட்டார். யாமும் தெலுங்கிலேயே விடையிறுத்தோம். தாய்மொழிக்கு ஒரு கட்டமும், அறிந்த பிற மொழிகளுக்கு வேறு கட்டமும் அவர் தாளில் இருந்தன. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்குரிய கட்டத்திலும் யாமே சொல்லித் தமிழ் என்று எழுதுவித்தோம். நாடு முழுவதும் அவ்வாண்டு தமிழைத் தாய்மொழி என்று உரைத்த ஏறத்தாழ ஆறு கோடியே தொண்ணூறு இலட்சம் பேரில் அவளும் ஒருத்தியானாள்.

2021 இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு நடைபெறும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. அந்நாளில் அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கும். அவள் விடையை அவளே சொல்வாள்.